இலுப்பை மேல் கட்டிய நாற்பது சப்போட்டா

சேகர்,

ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழுந்திருக்கிற மகனுக்கு எவனாவது கடிதம் எழுதுவானா என்று உன் அம்மா கேட்டாள். எழுதுவான். நாலு மாதமாக மகனிடம் முகம் கொடுத்துப் பேசாத தகப்பன் எழுதுவான். பாவம், அவளும் நம் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி வேலை பார்த்துக் களைத்துப்போய்விட்டாள். "உங்க நைனா சோப்பு எங்கன்னு கேக்குறாரு", "உங்க மவன் சைக்கிள் சாவி கேக்குறான்" என்று ஒரு அறை வீட்டில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருக்கிறாள். நீலசந்திராவில் நம் லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் நமக்குக் கேட்கும். நாம் பேசிக்கொள்ளாததும் அவர்களுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். எனக்குச் சலித்துவிட்டதப்பா. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. அது என்னிடம் தீர்ந்துபோய் ரொம்ப நாளாகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. நர்சரியில் யாரும் இல்லை. பானை அடுக்குகிற கொட்டகையில் உட்கார்ந்து, ஆர்டர் எழுதுகிற தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும், கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். பொறுத்துப் படி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொம்மசந்திரா எல்லப்பர் தன் மகள் சரோஜாவை உனக்குக் கொடுக்கிறேன், ஆனால் பையன் எங்கள் வீட்டோடு வந்து இருக்க வேண்டும் என்று கேட்டார். நீ சரி என்றாய். நான் முடியாது என்றேன். மானம் போகும் என்றேன். அது பொய். நான் பயந்தது மானத்துக்கு இல்லை, அவர் தோட்டத்தில் நிற்கிற நாற்பது சப்போட்டா மரத்துக்கு. அந்த மரங்களைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதி. மீதிப் பாதியை நான் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு இந்தக் கல்யாணம் நடக்கலாம், நின்றும் போகலாம். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

அன்றைக்கு எல்லப்பர் தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்துக்கொண்டு வந்தாரே, நினைத்துப் பார். தங்கவயலில் சுரங்கத்துக்குள் இருபது வருஷம் உழைத்துவிட்டு, நெஞ்செல்லாம் கல்தூசியை வாங்கிக்கொண்டு வெளியே வந்த மனிதர். நம் வீட்டு வாசற்படி ஏறுவதற்குள் மூன்று தரம் நின்று இருமினார். "எனக்கு ஒரே பொண்ணு. நாலு ஏக்கர் பூமி. மண்வெட்டி தூக்க எனக்கு மூச்சு இல்ல. பையனக் குடுங்க, எம்மவனா வச்சிப் பாத்துக்கறேன்" என்றார். எவ்வளவு அடக்கமாகக் கேட்டார்! நான் என்ன சொன்னேன்? "எங்க வம்சத்துல எவனும் பொண்டாட்டி வூட்டுச் சோத்துக்குப் போனதில்ல. எம்மவன் மட்டும் இன்னா, கை கால் இல்லாதவனா?" என்று கத்தினேன். லைன் வீடு முழுக்க எட்டிப் பார்த்தது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். நீ அவரோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போனாய். திரும்பி வந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. நம் வம்சம் பெரிய வம்சம் பார்! என் அப்பா வாலாஜா பக்கத்தில் ஊரார் மாட்டை மேய்த்தார். நான் பிழைப்புக்கு இந்தக் கன்னடச் சீமைக்கு வண்டி ஏறி வந்தவன். எந்த வம்சத்தின் மானத்தைக் காப்பாற்றக் கத்தினேன் என்று எனக்கே சிரிப்பு வருகிறது.

இப்போது மரத்துக்கு வருகிறேன். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். உனக்கு அப்போது பதினோரு வயது. தொம்மலூர்ப் பக்கம் இதே நர்சரியில்தான் ஒட்டுக்கட்டுகிற மேஸ்திரியாக இருந்தேன். அப்போதிருந்த முதலாளி, இப்போது இல்லாத அந்தப் புண்ணியவான், என்னை நம்பிச் சாவிக்கொத்தையே கொடுத்து வைத்திருந்தார். சுரங்கத்தை விட்டு வந்த எல்லப்பர், கையில் இருந்ததை எல்லாம் போட்டு நிலம் வாங்கி, நூறு சப்போட்டா ஒட்டுக்கன்று வேண்டும், அடுத்த வருஷம் ஆடி மழைக்கு நட வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். முதலாளி என்னைப் பார்த்தார். "நூறும் நானே கட்டறேங்க, ஒண்ணு தவறாது" என்று மார்தட்டினேன். அந்த வயதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் ஒட்டு ஒன்றுகூடத் தவறியதில்லை என்று பஜாரில் டீ குடிக்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

சப்போட்டாவுக்குப் பாலை மரத்து நாற்றுத்தான் வேர்ச்செடி. கீழே பாலை, மேலே சப்போட்டா. பாலை வளருவது ஆமை வேகம். விதை போட்டு இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆனால்தான் பென்சில் கனம் வரும். அப்படி வளர்த்து வைத்த நூறு பாலைக்கன்று, சின்னத் தொட்டிகளில், தயாராக இருந்தது. வெயில் காலத்தில் தொட்டி காயாமல் இருக்க, தரையில் நீளமாகப் பள்ளம் வெட்டி அதற்குள் தொட்டிகளை இறக்கி வைப்போம். முதல் மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் தூக்கி மேட்டில் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் தண்ணீர் நின்று வேர் அழுகிவிடும். இது சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த வேலை. அந்த வருஷம் உன் சித்தி கல்யாணம் தங்கவயலில் நடந்தது. நாம் மூன்று பேரும் ரயிலேறிப் போனோம். நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கண்ணில் கரி விழுந்து அழுதாயே, அந்தப் பயணம்தான். கிளம்புகிற அன்று காலையில் அறுபது தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டேன். நாற்பது பாக்கி. வண்டிக்கு நேரமாகிவிட்டது. வானம் சுத்தமாக இருந்தது. நாளைக்கு வந்து தூக்கிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

ஒரு நாள் என்று போனவன் நாலு நாள் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பிடித்துவைத்துக்கொண்டார்கள் என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன். யாரும் பிடிக்கவில்லை. சீட்டாட்டம் ருசியாக இருந்தது, கறிச்சோறு ருசியாக இருந்தது, நானாகத்தான் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் நாளே மழை கொட்டியது. உன் அம்மா, "செடிங்க இன்னா ஆவுதோ, கெளம்புங்க" என்று இரண்டு தரம் சொன்னாள். "நீ பெரிய தோட்டக்காரி" என்று எல்லோர் எதிரிலும் அவள் வாயை அடைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் பள்ளம் குட்டையாகக் கிடந்தது. நாற்பது தொட்டியும் முங்கி நின்றன. பத்து நாளில் நாற்பதும் கருகி, பிடித்து இழுத்தால் வேர் கையோடு வந்தது.

அன்றைக்கு நேராக முதலாளியிடம் போய், ஐயா தப்பு நடந்துவிட்டது, அறுபதுதான் இருக்கிறது, மீதி நாற்பதுக்கு இரண்டு வருஷம் ஆகும் என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார். சாவிக்கொத்தைத் திருப்பி வாங்கியிருப்பார். அவ்வளவுதான். என் தலையை வாங்கியிருக்க மாட்டார். ஆனால் மார்தட்டின வாயால் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. செத்த கன்றுகளை எருக்குழியில் போட்டு மூடினேன். நர்சரியின் ஒரு மூலையில் சாலையோரம் நடுவதற்காக வைத்திருந்த இலுப்பை நாற்றுகள் கிடந்தன. கொழுகொழுவென்று, விரல் கனத்துக்கு. இலுப்பையும் பாலையைப் போலப் பால் வடிக்கிற சாதி. சப்போட்டாவை அதன் மேல் கட்டினால் ஒட்டிக்கொள்ளும். நாற்பது இலுப்பையைப் பிடுங்கி அதே தொட்டிகளில் வைத்தேன். வேர் பிடிக்கும் வரை காத்திருந்து, ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, தாய்மரத்துக்குப் பக்கத்தில் பரண் கட்டித் தொட்டிகளை ஏற்றி, கிளையையும் இலுப்பைத் தண்டையும் சீவி, முகத்தோடு முகம் வைத்து, வாழைநார் சுற்றிக் கட்டினேன். இலுப்பை இலை பெரிசு, கொத்துக் கொத்தாக இருக்கும். யாராவது பார்த்தால் தெரிந்துவிடும் என்று மேல் இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டேன். முதலாளி ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தவர், "ஏம்ப்பா, இதெல்லாம் மொட்டையா நிக்குது?" என்று கேட்டார். "பூச்சி வுழுந்துதுங்க" என்றேன். மனிதர் நம்பினார். அதற்குப் பிறகு ஒட்டு கூடியதும் வேர்ச்செடியின் தலையை வெட்டிவிடுவோம் இல்லையா, சாட்சி சொல்ல ஒரு இலைகூட மிச்சமில்லை. மூன்று மாதம் கழித்து நூறு கன்றும் ஒரே மாதிரி பச்சைப்பசேலென்று மாட்டுவண்டியில் ஏறிப் பொம்மசந்திராவுக்குப் போயின.

இலுப்பை மேல் சப்போட்டா நிற்காது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பாய். அங்கேதான் இருக்கிறது எல்லாம். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு துரை பங்களாத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். அங்கே அப்படிக் கட்டின மரம் இரண்டு இருந்தது. அவை பண்ணின கூத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். ஒட்டு என்றால் கீழே இருக்கிறவன் தாங்குகிறான், மேலே இருக்கிறவன் காய்க்கிறான் என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேர் மேலே தண்ணீர் அனுப்புகிறது. இலை கீழே சோறு அனுப்புகிறது. கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். ஜம்பேரி எலுமிச்சை வேரில் ஆரஞ்சைக் கட்டினால் மரம் திமுதிமுவென்று வளரும், பழம் பெரிசாக வரும், ஆனால் தோல் தடித்து இனிப்புக் குறையும். வேர் பழத்தில் கை வைக்கிறது. அதே போல மேலே கட்டின கிளை வலுவாக இருந்தால் கீழே வேரும் ஆழமாகப் போகும், நோஞ்சானாக இருந்தால் வேரும் நோஞ்சான்தான். இரண்டும் ஒத்துப்போகாத சாதியாக இருந்துவிட்டால், தண்ணீர் எப்படியோ மேலே ஏறிவிடும், இலை செய்கிற சோறு மட்டும் கட்டின இடத்தில் அடைத்துக்கொள்ளும். கீழே இறங்காது. அது எங்கே போகும்? பூவாகவும் காயாகவும் கொட்டும். பார்க்கிறவனுக்கு ஆஹா என்று இருக்கும். கீழே வேர் பட்டினி கிடக்கும். மேலே பருத்து, கீழே சூம்பி, பத்தாவது வருஷமோ பன்னிரண்டாவது வருஷமோ ஒரு காற்றுக்குக் கட்டின இடத்தில் பொடுக்கென்று முறியும். முறிந்த இடம் கத்தியால் வெட்டினது போல மழமழவென்று இருக்கும். அத்தனை வருஷமும் அவை சேரவே இல்லை, ஒட்டிக்கொண்டு மட்டும் இருந்தன.

எல்லப்பர் தோட்டத்திலும் அந்த நாற்பதுதான் முந்திக்கொண்டு காய்த்தன. முதல் பறிப்பில் ஒரு கூடைப் பழத்தைச் சுமந்துகொண்டு அவர் நர்சரிக்கே வந்தார், உனக்கு நினைவிருக்கும், நீ உட்கார்ந்த இடத்தில் ஏழு பழம் தின்றாய். "மேஸ்திரி, உங்க கை ராசியான கை. சில மரம் இன்னா காய் காய்க்குது தெரியுமா, கெளை தாங்கல" என்றார். எந்த மரம் என்று நான் கேட்கவே இல்லை. முதலாளி எதிரிலேயே எனக்குத் துண்டு போர்த்தினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அன்றைக்குக் குறுகுறுக்கவும் இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. அதுதான் இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அதற்கப்புறம்தான், வருஷம் ஏற ஏற, ஒவ்வொரு காற்றுக் காலத்திலும் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து காற்றுச் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்தேன். பொம்மசந்திரா போகிற ஓசூர் ரோடு பக்கமே போவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று? நீ அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போவாய். உன் கண் எதிரில் மரம் ஒவ்வொன்றாக முறியும். எந்தப் பாவி கட்டினான் என்று மாமனார் கேட்பார். நீ என்ன பதில் சொல்வாய்? அந்தப் பெண்ணுக்கு அவர் கொடுக்கிற சீரே அந்தத் தோட்டம்தான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மானத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். நம்மூரில் மானம் என்று சொல்லிவிட்டால் போதும், மேலே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நாலு மாதம் இந்தப் பாரத்தைச் சுமந்து பார்த்தேன். முடியவில்லை. போன வியாழக்கிழமை உடம்பு சரியில்லை என்று நர்சரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டுப் பொம்மசந்திரா பஸ் ஏறினேன். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. எல்லப்பரிடம் உண்மையைச் சொல்லி, காலில் விழ வேண்டுமானாலும் விழுந்துவிட்டு வருவது என்று போனேன். அவர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் அத்தனை பேச்சுப் பேசியிருந்தும், "வாங்க சம்பந்தி" என்றார். அந்தச் சொல் என்னை அறைந்த மாதிரி இருந்தது. சரோஜா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "அவுரு நல்லா இருக்காரா மாமா?" என்று கேட்டாள். உன்னைத்தான். நல்லா இருக்கான்மா என்றேன். நீ நன்றாக இருக்கிறாயா என்று எனக்கு எப்படித் தெரியும்?

"தோட்டத்தைக் கொஞ்சம் பாக்கணும்" என்றேன். அவர் தடியை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தார். கிழக்குப் பக்க வரிசைக்குப் போனதும் என் கால் நின்றுவிட்டது. அங்கே ஐந்து மரம் இல்லை, அடிக்கட்டைதான் இருந்தது. அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது என்னவென்றால், நிற்கிற மரங்களில் முக்கால்வாசிக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரண்டாக, சின்னப் பாலைக்கன்று நட்டு, அதன் நுனியைச் சீவி, பழைய ஒட்டுக்கு மேலே மரத்தின் பட்டையைக் கீறி உள்ளே சொருகி, ஆணி அடித்து, சாக்குத் துணி சுற்றி நாரால் கட்டியிருந்தது. மரத்துக்குப் புதுசாகக் கால் வைத்தாற்போல். பழைய வேர் செத்தாலும் புது வேர் தாங்கிக்கொள்ளும். நான் ஒரு மரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைத் தொட்டுப் பார்த்தேன். கூடியிருந்தது. நன்றாகக் கூடியிருந்தது. யார் செய்தது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல், நாரின் நுனியை இரண்டு தரம் உள்ளே செருகி முடிக்கிற அந்த முடிச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் முடிச்சு. உனக்கு நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. கத்தியைத் தொட்டால் முதுகுத்தோலை உரிப்பேன், போய்ப் படி என்றுதான் விரட்டியிருக்கிறேன். எப்போதடா பார்த்தாய்?

"உங்க பையன்தான்" என்றார் எல்லப்பர். "மூணு வருசத்துக்கு முந்தி மொத மரம் வுழுந்துது. நர்சரில கேக்கலாம்னு வந்தேன். நீங்க வெளிய போயிருந்தீங்க. உங்களுக்குச் சோறு எடுத்துகினு வந்த உங்க பையன் இருந்தான். அடுத்த ஞாயித்துக்கெழம சைக்கிள்ல வந்து நின்னான். மரத்துக்கு அடியில ஒரு தளிர் வந்திருந்துது, அதத் தூக்கிப் பாத்துட்டு, இது பாலை இல்ல, இலுப்பைன்னான். அப்படியே குந்திட்டான். பாலை வெதயக் கொண்டாந்து மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால போட்டான். எம்பொண்ணு தண்ணி ஊத்திச்சு. கன்னு கனம் ஆனதும் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையா வந்து கட்டறான். அஞ்சு போச்சு. இருபத்தாறு கட்டிட்டான். ஒம்பது பாக்கி." ஃபாக்டரியில் ஓவர்டைம் என்று நீ வீட்டில் சொல்லிவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை எல்லாம் எங்கே போனது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் அதோடு நிறுத்தியிருந்தால் நான் சொல்லியிருப்பேன். வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவரே சொன்னார்: "உங்க பையன், எங்க நைனாவுக்குத் தெரியாதுங்க, அவுரு நம்பிக் கட்டிட்டாரு, நர்சரில வேர்ச்செடிய மாத்திக் குடுத்துட்டாங்க, தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிப் பூடுவாரு, அவருகிட்ட சொல்லிடாதீங்கன்னு எங்கிட்ட கைய புடிச்சிகினு கேட்டுகிட்டான். அதான் நானும் வாயத் தொறக்கல. உங்க மொதலாளி போய்ச் சேந்துட்டாரு. செத்தவனத் திட்டி இன்னா வரப்போவுது? ஆனா சொல்றேன் சம்பந்தி, ஒரு ஏழையோட நெலத்துல கை வச்ச அந்தாளுக்கு நல்ல கதி கெடைக்குமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாங்க" என்றேன். சேகர், ஆமாங்க என்றேனடா. என்னை நம்பிச் சாவியைக் கொடுத்தவர், உன் அம்மா ஜுரத்தில் கிடந்தபோது தன் வீட்டிலிருந்து கஞ்சி கொடுத்து அனுப்பினவர், அவர் தலையில் ஒருவர் மண்ணை வாரிப் போடுகிறார், நான் பக்கத்தில் நின்று ஆமாங்க என்கிறேன். சொல்ல வந்ததை முழுங்கிவிட்டு, இன்னொரு சொம்பு மோரும் குடித்துவிட்டு, நாலு மணி பஸ்ஸில் திரும்பி வந்தேன். கிளம்பும்போது அவர், "அப்ப கல்யாணப் பத்திரிகை அடிக்கலாமா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேனா இல்லையா என்றுகூட எனக்கு நினைவில்லை. அன்றைக்கு ராத்திரி நீ சோறு தின்றுகொண்டிருந்தபோது உன் விரல்களைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் கத்தி பட்ட தழும்பு. இத்தனை நாளாக அது என் கண்ணில் படவில்லை.

நீ என்னைக் காப்பாற்ற நினைத்தாய். உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எந்த மகன் செய்வான் இதை? எனக்கு அழுகைதான் வந்தது, குழாயடியில் போய் முகம் கழுவுகிற மாதிரி நின்று அழுதேன். ஆனால் நீ காப்பாற்றினது ஏமாந்துபோன ஒரு தகப்பனை. அப்படி ஒருவன் கிடையாது. ஏமாற்றின ஒருவன்தான் இருக்கிறான். அவனுக்காக நீ ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கொடுத்துவிட்டாய். அவனுக்காக ஒரு செத்த மனிதர் வசவு வாங்குகிறார். அந்த வீட்டுக்குள் நீ அந்தப் பொய்யோடு போய் உட்கார்ந்தால், நாளைக்கு எங்கிருந்தாவது உண்மை வரும். நர்சரியில் இருக்கிற பழைய ஆள் எவனாவது உளறுவான். அப்போது பொய் சொன்னவன் நானாக இருக்க மாட்டேன், நீயாக இருப்பாய். மாமனார் முன்னால் நீ அப்படி நிற்பதை நான் பார்க்க மாட்டேன்.

போகிற இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை, கல்யாணம் நடக்கிற பட்சத்தில். வீட்டோடு மாப்பிள்ளை என்று நாலு பேர் சிரிப்பார்கள். நானே முதலில் சிரித்தவன், அதனால் மற்றவனைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நீ அங்கே போனால் மாறுவாய். அவர்கள் வீட்டுக் குழம்பின் ருசி உன் நாக்கில் ஏறும், அந்தப் பெண் கன்னடத்தில் மாட்டை அதட்டுகிற மாதிரி நீயும் அதட்டுவாய். மாறு. தப்பில்லை. உன்னால் அவர்களும் மாறுவார்கள். எல்லப்பர் ஏற்கெனவே மாறிவிட்டார், பாதி வாக்கியத்தில் உன் பேச்சு வருகிறது அவருக்கு. ஆனால் வாங்கிக்கொண்டே இருக்காதே. மேலே காய்க்கிற திமிரில் கீழே பட்டினி போடாதே. அவருக்கு மூச்சு வாங்குகிறது என்று உனக்குத் தெரியும், அவர் வாயைத் திறந்து கேட்க மாட்டார் என்பதும் தெரியும். சரோஜா ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேள். உன் அம்மா இரண்டு தரம் சொன்னாள், கிளம்புங்கள் என்று. அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அதை இன்றுவரை அவளிடம் நான் ஒப்புக்கொண்டதில்லை. இன்றைக்கு ஒப்புக்கொள்ளப்போகிறேன். அப்புறம், எங்களை ஒரேயடியாக அறுத்துக்கொண்டு போகாதே. தாய்மரத்துக் கிளையை நாங்கள் ஒரே வெட்டில் வெட்ட மாட்டோம். முதலில் பாதி அறுத்துவிட்டு, பதினைந்து நாள் விட்டு மீதியை அறுப்போம். அதுவரை இரண்டு பக்கத்துத் தண்ணீரும் அதற்குப் போகும். மாதத்துக்கு ஒரு தரமாவது வா. உன் அம்மாவுக்காகச் சொல்கிறேன் என்று எழுத நினைத்தேன். எனக்காகவும்தான்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் திரும்பப் பொம்மசந்திரா போகிறேன். இந்தத் தடவை மோர் குடிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். பள்ளத்தில் தொட்டியை விட்டுவிட்டுப் போனது, சீட்டாடினது, இலையைக் கிள்ளினது, ஆமாங்க என்றது, ஒன்று விடாமல். முதலாளி ஒரு பாவமும் அறியாதவர் என்பதையும் சொல்வேன். அவர் செருப்பைக் கழற்றினாலும் கழற்றட்டும். பெண் கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அந்தக் கோபத்தை நீ என் மேல் காட்டு, அவர் மேல் காட்டாதே. பாக்கி ஒன்பது மரத்தையும் நானே போய்க் கட்டிக் கொடுக்கிறேன் என்று கேட்கப்போகிறேன். கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும். இந்த வயதில் ஒரு நாளைக்கு ஒன்றுதான் முடியும், பரவாயில்லை. அவர் தோட்டத்துக்குள் விட வேண்டுமே! பத்திரிகையில் என் பேரைப் போடுவதா வேண்டாமா என்பதையும் அவரே சொல்லட்டும். இந்தக் கடிதத்தை உன் சைக்கிள் பையில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். போகிற வழியில் எனக்கு மறுபடியும் தைரியம் போய்விட்டால், உனக்குத் தெரிந்துவிட்டது என்கிற பயத்திலாவது போய்ச் சேருவேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் யாரிடமும், உன் பெண்டாட்டியிடமும், நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்தால் அவர்களிடமும், எங்க நைனாவுக்குத் தெரியாது என்று சொல்லாதே. தெரியும்டா. தெரிந்துதான் கட்டினேன்.

உன் நைனா